ரப்பர் மெத்தை வாங்கியும் முதுகுவலி போகலையா? லேடெக்ஸ் மெத்தையைத் தேர்ந்தெடுப்பதும் சரிசெய்வதும் எப்படி?

சிவகங்கை மாவட்டம் கல்லல் பக்கம் ஒரு பழைய வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். முன்னால் முகப்பு, உள்ளே வளவு, தரையில் ஆத்தங்குடிக் கல். பிள்ளை சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். ஊரில் தனியாக இருக்கும் 70 வயது அம்மா முதுகுவலி என்று சொல்லிக்கொண்டே இருந்ததால், நல்ல விலை கொடுத்து ஒரு லேடெக்ஸ் மெத்தை வாங்கி அனுப்புகிறார். ஒரு வாரம் கழித்து போனில் விசாரிக்கிறார்.

"ஆத்தா, மெத்தை எப்படி இருக்கு? நல்லாத் தூக்கம் வருதா?"

"மெத்தைக்கு என்னப்பா, நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான் அதுல ஏறிப் படுக்கவும் முடியலை, எந்திரிக்கவும் முடியலை. கீழ பாயை விரிச்சுப் படுத்துக்கிட்டேன்."

கல்லலில் மட்டுமல்ல, பல ஊர்களில் பல வீடுகளில் நடக்கக்கூடிய பேச்சுதான் இது. பணம் போனது ஒரு பக்கம். 70 வயதில் தினமும் தரையில் படுத்து எழுவதும், ராத்திரி பாத்ரூம் போகத் தடுமாறி எழுவதும் அதைவிடப் பெரிய கவலை. ஒரு தடவை விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், அதற்குப் பிறகு எந்த மெத்தையும் உதவாது.

இப்படிப்பட்ட வீடுகளில் பெரும்பாலும் குற்றம் மெத்தையின் தரத்தில் இருப்பதில்லை. ஆளுக்கும் மெத்தைக்கும், மெத்தைக்கும் கட்டிலுக்கும், மெத்தைக்கும் தலையணைக்கும் பொருத்தம் பார்க்காமல் விட்டதுதான் காரணம். அந்தப் பொருத்தத்தை எப்படிப் பார்ப்பது? ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது என்றால் எப்படிச் சரிசெய்வது?

லேடெக்ஸ் என்றால் என்ன?

லேடெக்ஸ் என்பது ரப்பர் மரத்திலிருந்து வடியும் பால். செட்டிநாட்டுக்கும் இந்தப் பாலுக்கும் பழைய உறவு உண்டு. 1876-இல் பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோன விதைகளிலிருந்துதான் இலங்கை, மலாயா ரப்பர் தோட்டங்கள் பிறந்தன. மலாயாவில் ரப்பர் தோட்டங்களுக்குக் கடன் கொடுத்தவர்களிலும், பின்னால் தோட்டங்களைச் சொந்தமாக வைத்திருந்தவர்களிலும் நகரத்தார் பலர். அந்த மரங்களில் பால் எடுத்த கைகளிலும் பெரும்பகுதி தமிழர் கைகள்தான். இன்றைக்கு நம் ஊர் மெத்தைக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். கன்னியாகுமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் ரப்பர் விளைகிறது. தமிழக அரசின் அரசு ரப்பர் கழகம் நாகர்கோவிலில் இருக்கிறது.

மரத்திலிருந்து வரும் பாலில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் ரப்பர். மீதி பெரும்பாலும் தண்ணீர். அதை அம்மோனியா சேர்த்துக் கெடாமல் காத்து, மையவிலக்கு இயந்திரத்தில் சுற்றி, 60 சதவீதம் ரப்பர் உள்ள கெட்டிப் பாலாக்குகிறார்கள். பிறகு மோரைக் கடைவதுபோல் காற்றுச் சேர்த்துக் கடைந்து நுரையாக்கி, அச்சில் ஊற்றி, நீராவியில் வேக வைக்கிறார்கள். கந்தகம் சேர்ந்த அந்த நுரை வெந்து இறுகியதும் மெத்தை கிடைத்துவிடும். இட்லி வேகிற மாதிரிதான். மெத்தை முழுக்க நீங்கள் பார்க்கும் துளைகள், அச்சில் இருக்கும் ஊசிகளால் வந்தவை. உள்ளே வரை சூடு போய்ச் சீராக வேகத்தான் அந்த ஊசிகள். பின்னால் அதே துளைகள் காற்றோட்டத்துக்கும் உதவுகின்றன.

டன்லப்பா, டாலலேவா?

மேலே சொன்னது டன்லப் முறை. 1929-இல் இங்கிலாந்தின் டன்லப் ரப்பர் கம்பெனியில் உருவானது. இந்தியாவில் கிடைக்கும் இயற்கை ரப்பர் மெத்தைகளில் பெரும்பாலானவை இந்த வகைதான். நுரை இறுகுவதற்குள் கனமான பகுதி கொஞ்சம் அடியில் தங்குவதால், ஒரு பக்கம் சற்றே கெட்டியாக இருக்கும்.

டாலலே முறையில், அச்சைப் பாதி நிரப்பி, காற்றை உறிஞ்சி நுரையை விரியச் செய்து, உறைய வைத்து, கரியமில வாயுவைச் செலுத்தி இறுக்கி, அதன்பிறகு வேக வைக்கிறார்கள். இதனால் மேலிருந்து கீழ்வரை ஒரே சீரான, லேசான நுரை கிடைக்கிறது. விலை அதிகம்.

எது உசத்தி? இரண்டும் நல்லதுதான். கெட்டியாகத் தாங்க வேண்டும், நீண்ட நாள் வர வேண்டும் என்றால் டன்லப். மேலே மெத்தென்று இருக்க வேண்டும் என்றால் டாலலே. அடியில் டன்லப், மேலே டாலலே வைத்து வருகிற மெத்தைகளும் உண்டு.

அடர்த்தி வேறு, கெட்டித்தன்மை வேறு

கடையில் அதிகம் குழப்புகிற விஷயம் இது. "இது 85 அடர்த்தி சார், நல்லாக் கெட்டியா இருக்கும்" என்பார்கள்.

அடர்த்தி என்பது ஒரு கன மீட்டர் மெத்தையில் எத்தனை கிலோ ரப்பர் இருக்கிறது என்கிற கணக்கு. லேடெக்ஸ் மெத்தைகள் பெரும்பாலும் 65 முதல் 95 வரை இருக்கும். அடர்த்தி கூடினால் உழைக்கும் காலம் கூடும், பொதுவாகக் கெட்டித்தன்மையும் கொஞ்சம் கூடும்.

கெட்டித்தன்மை என்பது படுத்தால் எவ்வளவு அமுங்குகிறது என்பது. இதற்கு ஐ.எல்.டி. என்று ஒரு அளவு இருக்கிறது. ஒரு வட்டத் தகட்டை வைத்து அழுத்தி, நுரையைத் தடிமனில் 25 சதவீதம் அமுக்க எத்தனை பவுண்டு விசை தேவை என்று பார்ப்பார்கள். லேடெக்ஸில் 20-க்கும் கீழே என்றால் மென்மை, 20-களின் நடுப்பகுதி நடுத்தரம், 30-க்கு மேலே கெட்டி என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். கடைக்காரரால் இந்த எண்ணைச் சொல்ல முடிந்தால் நல்லது. சொல்ல முடியாவிட்டால், உங்கள் உடம்புதான் அளவுகோல்.

கெட்டி மெத்தைதான் முதுகுக்கு நல்லதா?

"முதுகுவலியா? கட்டாந்தரையில படு" என்பது நம் ஊர் வைத்தியம். டாக்டர்களும் நெடுநாள் அப்படித்தான் சொல்லிவந்தார்கள். 2003-இல் லான்செட் மருத்துவ இதழில் ஸ்பெயின் நாட்டு ஆய்வு ஒன்று வந்தது. நாள்பட்ட இடுப்புவலி உள்ள 313 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குக் கெட்டி மெத்தையும் இன்னொரு பாதிக்கு நடுத்தரக் கெட்டி மெத்தையும் கொடுத்து 90 நாள் கவனித்தார்கள். படுத்திருக்கும்போதும், எழுந்திருக்கும்போதும், அன்றாட வேலைகளிலும் நடுத்தர மெத்தைக்காரர்களுக்கே பலன் அதிகம் கிடைத்தது. அந்த ஆய்வு கெட்டித்தன்மையைப் பற்றியதே தவிர லேடெக்ஸைப் பற்றியது அல்ல. ஆனால் மெத்தை தேர்ந்தெடுக்கும் யாருக்கும் அது பயன்படும்.

காரணம் எளிது. நாம் பலகைபோல் தட்டையாக இல்லை. ஒருக்களித்துப் படுத்தால் தோளும் இடுப்பும் துருத்திக்கொண்டிருக்கும். மெத்தை ரொம்பக் கெட்டி என்றால் அந்த இரண்டு இடமும் நசுங்கி மரத்துப்போகும். நடுவில் இடுப்பு வளைவுக்குத் தாங்கல் இருக்காது. ரொம்ப மென்மை என்றால் உடம்பின் கனமான பகுதி தொட்டில்போல் உள்ளே போய், முதுகெலும்பு வளைந்துவிடும். தோள் அமுங்கணும், இடுப்பு தாங்கணும். மெத்தையின் வேலை அவ்வளவுதான்.

யாருக்கு எது?

ஒருக்களித்துப் படுப்பவர்களுக்கும் ஒல்லியானவர்களுக்கும் நடுத்தரத்திலிருந்து மென்மை வரை சரிப்படும். 45 கிலோ உள்ள வயதான அம்மாவுக்குக் கெட்டி மெத்தை என்பது பலகைதான்; அவர் எடைக்கு அது அமுங்கவே அமுங்காது.

மல்லாந்து படுப்பவர்களுக்கு நடுத்தரம். குப்புறப் படுக்கும் பழக்கம் உள்ளவர்களுக்குக் கொஞ்சம் கெட்டி. 90 கிலோவுக்கு மேல் உள்ளவர்களுக்குக் கெட்டியும், 8 அங்குலத் தடிமனும் தேவைப்படலாம். மற்ற பெரும்பாலானோருக்கு 6 அங்குலம் போதும்.

கணவன், மனைவி எடையில் பெரிய வித்தியாசம் இருந்தால், 72 அங்குல அகலக் கட்டிலில் 36 அங்குல மெத்தை இரண்டை ஆளுக்கு ஒரு வகையாகப் போட்டுக்கொள்ளலாம்.

கடையில் 15 நிமிஷம்

காரைக்குடிக்கோ மதுரைக்கோ போய் மெத்தை பார்ப்பவர்கள் பெரும்பாலும் செய்வது, கையால் அமுக்கிப் பார்ப்பதும், ஓரத்தில் ஒரு தடவை உட்கார்ந்து எழுவதும்தான். அதில் எதுவும் தெரியாது.

யார் படுக்கப் போகிறாரோ அவரையே கூட்டிக்கொண்டு போங்கள். வீட்டில் எப்படிப் படுப்பாரோ அப்படியே 15 நிமிஷம் படுக்கச் சொல்லுங்கள். வெட்கப்பட வேண்டியதில்லை, பத்து வருஷத்துக்கு மேல் படுக்கப் போகிற இடம்.

மல்லாந்து படுத்ததும் இடுப்பு வளைவுக்கு அடியில் கையை நுழைத்துப் பாருங்கள். தாராளமாகப் போய்வந்தால் மெத்தை கெட்டி. நுழையவே இல்லை என்றால் மென்மை. கொஞ்சம் உரசிக்கொண்டு போனால் சரி. ஒருக்களித்துப் படுக்கும்போது பின்னாலிருந்து ஒருவர் பார்க்கட்டும். கழுத்திலிருந்து இடுப்பு வரை முதுகெலும்பு தரைக்கு இணையாக ஒரே கோட்டில் இருக்க வேண்டும். கடைசியாக, புரண்டு படுத்து, ஓரத்துக்கு வந்து, யார் கையையும் பிடிக்காமல் எழுந்து நிற்க முடிகிறதா என்று பாருங்கள். வயதானவர்களுக்கு இந்தச் சோதனைதான் முதலில்.

'100% லேடெக்ஸ்' உண்மையா?

மேலே ஒரு அங்குலம் லேடெக்ஸ், கீழே சாதாரண ஃபோம் வைத்த மெத்தையும் 'லேடெக்ஸ் மெத்தை' என்ற பெயரில் வரும். இயற்கை ரப்பரோடு பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் செயற்கை ரப்பரைக் கலந்ததும் வரும். கலந்தது எல்லாம் கெட்டது என்பதில்லை. எதற்குக் காசு கொடுக்கிறோம் என்பது தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் உறையின் ஜிப்பைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். எத்தனை அடுக்கு, ஒவ்வொன்றும் எத்தனை அங்குலம், எதனால் ஆனது என்று பில்லில் எழுதி வாங்குங்கள்.

அடுத்தது எடைக் கணக்கு. நீளம், அகலம், தடிமன் மூன்றையும் அங்குலத்தில் பெருக்கி, 61,000-ஆல் வகுத்தால் கன மீட்டர் கிடைக்கும். 78 x 60 x 6 அங்குல மெத்தை என்றால் 28,080, வகுத்தால் 0.46 கன மீட்டர். 80 அடர்த்தி என்று சொன்னால், உறை இல்லாமல் சுமார் 37 கிலோ இருக்க வேண்டும். அதே அளவில் 32 அடர்த்தி பாலியூரித்தேன் ஃபோம் 15 கிலோதான் இருக்கும். 'முழு லேடெக்ஸ்' என்று சொல்கிற மெத்தையை ஒரே ஆள் அலுங்காமல் தூக்கிக்கொண்டு வந்தால் கேள்வி கேளுங்கள். ஆனால் எடை இருப்பதாலேயே சுத்த ரப்பர் என்றும் முடிவு கட்ட வேண்டாம். களிமண், சுண்ணாம்புத் தூள் சேர்த்தும் எடையைக் கூட்டலாம். சான்றிதழையும் சேர்த்துப் பாருங்கள். ஜி.ஓ.எல்.எஸ். முத்திரை என்றால் குறைந்தது 95 சதவீதம் சான்று பெற்ற இயற்கை வேளாண் மூலப்பொருள் என்று பொருள். ஓகோ-டெக்ஸ் முத்திரை, தீங்கு தரும் ரசாயனங்கள் வரம்புக்குள் இருப்பதாகச் சொல்வது. இயற்கை ரப்பர் என்பதற்கு அது சாட்சி அல்ல.

ரப்பர் கையுறை, பலூன் பட்டால் அரிப்பும் வீக்கமும் வருகிறவர்கள் வாங்குவதற்கு முன் டாக்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

பழைய கட்டில், புது மெத்தை

செட்டிநாட்டு வீடுகளில் பர்மா தேக்குக் கட்டில்கள் இன்றும் இருக்கின்றன. அவற்றுக்கு ஏற்றபடி தைத்த இலவம்பஞ்சு மெத்தைகளும் சீர் சாமான்களோடு வந்தவைதான். அந்தக் கட்டில்கள் இன்றைய 78 x 60, 78 x 72 அளவுகளுக்குள் அடங்காது. உள் அளவை டேப் வைத்து அளந்துவிட்டே ஆர்டர் கொடுங்கள். லேடெக்ஸை வேண்டிய அளவுக்கு வெட்டித் தருவார்கள். வளைத்துச் செருகினால் நடுவில் மேடு தட்டும்.

அடுத்து உயரம். கட்டில் 20 அங்குலம், மேலே 8 அங்குல மெத்தை என்றால் மொத்தம் 28 அங்குலம். குள்ளமான ஒருவருக்கு முழங்கால் உயரமே 17 அங்குலம்தான் இருக்கும். உட்கார்ந்தால் கால் தரையில் படாது. லேடெக்ஸின் ஓரம் உட்கார்ந்தால் அமுங்கும். அப்படியே வழுக்கி விழ வாய்ப்பு உண்டு. ஓரத்தில் உட்காரும்போது பாதம் முழுசாகத் தரையில் பதிய வேண்டும். உயரம் மிஞ்சினால், தடிமன் குறைந்த மெத்தை வாங்குங்கள், அல்லது தச்சரைக் கூப்பிட்டு உயரத்துக்கு வழி கேளுங்கள். பழைய கட்டிலை அறுக்க மனசு வரவில்லை என்றால், அம்மாவுக்குத் தாழ்வான வேறு கட்டில் போடுவது புத்திசாலித்தனம்.

மெத்தைக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதும் முக்கியம். லேடெக்ஸ் தானாக நிமிர்ந்து நிற்காது. அடியில் இருப்பது எப்படியோ அப்படியே அதுவும் வளையும். நாடாக் கட்டிலிலும் கயிற்றுக் கட்டிலிலும் போடக் கூடாது. குழி விழுந்த பழைய பஞ்சு மெத்தையின் மேலும் கூடாது. சட்டப்பலகைகள் என்றால் இடைவெளி 3 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. முழுப் பலகை என்றால் அங்கங்கே துளை போட்டுக்கொண்டால் காற்று போய்வரும். நேராகத் தரையில் போட்டால் அடியில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும்.

வாங்கியாச்சு, சரிப்படலை. என்ன செய்யலாம்?

முதலில் பொறுங்கள். பாயில் படுத்துப் பழகிய உடம்புக்குப் புது மெத்தை பழக இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். அதற்கு மேலும் வலி இருந்தால், எந்த வலி என்று பாருங்கள்.

தோள், இடுப்பு ஓரம் மரத்துப்போகிறதா? மெத்தை கெட்டி. செலவில்லாத வழி முதலில்: மேலே இழுத்துக் கட்டிய தடித்த விரிப்பையும் பிளாஸ்டிக் உறையையும் எடுத்துவிட்டு, தளர்வான பருத்தி விரிப்பைப் போட்டுப் பாருங்கள். முரசுத் தோல்போல் இறுகிய உறை, மென்மையான மெத்தையையும் கெட்டியாக்கிவிடும். அதிலும் சரியாகவில்லை என்றால் 2 அங்குல மென்மையான லேடெக்ஸ் மேல்மெத்தை ஒன்றைச் சேர்க்கலாம்.

காலையில் எழும்போது இடுப்பு பிடித்துக்கொண்டு, நடமாடியதும் விட்டுவிடுகிறதா? பெரும்பாலும் மெத்தை மென்மை, அல்லது அடியில் பலகை வளைகிறது. மெத்தையை இறக்கிவிட்டுக் கட்டிலைச் சோதியுங்கள். பலகை சரி என்றால், இரண்டு பக்கமும் படுக்கக்கூடிய மெத்தையைத் திருப்பிப் போடுங்கள். ஜிப் வைத்த அடுக்கு மெத்தை என்றால் கெட்டி அடுக்கை மேலே கொண்டுவாருங்கள். அடியில் குழி விழுவதை மேல்மெத்தை சரிசெய்யாது, காசுதான் வீண்.

கழுத்து வலிக்கிறதா? மெத்தையைக் குறை சொல்வதற்கு முன் தலையணையைப் பாருங்கள். புது மெத்தையில் தோள் உள்ளே அமுங்குவதால், பழைய தலையணை இப்போது உயரமாகிவிட்டிருக்கும். இலவம்பஞ்சுத் தலையணைக்கு இதில் ஒரு வசதி உண்டு: தையலைப் பிரித்துக் கைப்பிடி பஞ்சை எடுத்துவிட்டுத் தைத்தால் போதும். ஒருக்களித்துப் படுப்பவர் முழங்கால்களுக்கு நடுவிலும், மல்லாந்து படுப்பவர் முழங்காலுக்கு அடியிலும் ஒரு சின்னத் தலையணை வைத்தால் இடுப்புக்கு இதம்.

சூடா இருக்கிறதா? கல்லல் வெயிலில் எந்த நுரை மெத்தையும் கோரைப்பாய் அளவுக்குக் குளிர்ச்சி தராது. பிளாஸ்டிக் உறையைத் தவிர்த்துவிட்டுப் பருத்தி விரிப்பு மட்டும் போடுங்கள். சித்திரை மாதத்தில் மெத்தை மேல் மெல்லிய பாயை விரித்துக்கொள்ளலாம். கொஞ்சம் கெட்டியாகத் தெரியும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

மாடியில் காயப்போடாதீங்க!

இலவம்பஞ்சு மெத்தையை வெயிலில் போட்டுத் தட்டி எடுப்பது நம் வழக்கம். பஞ்சு உப்பும், பூச்சி போகும். அதே பாசத்தில் லேடெக்ஸ் மெத்தையை மாடியில் போட்டால் அது கெட்டுப்போகும். சூரிய ஒளியும் காற்றிலுள்ள ஓசோனும் இயற்கை ரப்பரின் இழைகளை அறுத்துவிடும். முதலில் மஞ்சளிக்கும், பிறகு மேல்பகுதி வறண்டு பொடிப்பொடியாக உதிரும். காற்றாட வைக்க வேண்டும் என்றால் நிழலில், ஃபேனுக்குக் கீழே வையுங்கள். வளவைச் சுற்றியுள்ள தாழ்வாரம் போதும்.

எண்ணெயும் ரப்பருக்கு ஆகாது. தலைக்கு எண்ணெய் வைத்துப் படுப்பவர்களும், மூட்டுக்குத் தைலம் தேய்த்துக்கொள்பவர்களும் உறைக்கு மேல் துவைக்கக்கூடிய ஒரு விரிப்பைக் கட்டாயம் போட வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை தலைமாட்டைக் கால்மாடாகத் திருப்புங்கள். 37 கிலோ மெத்தை துவண்டு விழும். இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டும், ஓரத்தைப் பிடித்து இழுத்தால் கிழியும்.

மெத்தையால் தீராத வலி

எல்லா வலியும் படுக்கையால் வருவதில்லை. காலில் மரத்துப்போதல் அல்லது பலவீனம், ராத்திரியில் தூங்கவிடாத வலி, காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, விழுந்த பிறகு வந்த வலி, இவற்றில் எது இருந்தாலும் டாக்டரைப் பாருங்கள். சிறுநீர், மலம் அடக்க முடியாமல் போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

சரி, அந்தக் கல்லல் ஆத்தாவுக்கு என்ன செய்வது? முதலில் உயரத்தை அளந்து, கால் தரையில் படும்படி தாழ்வான கட்டிலுக்கு மெத்தையை மாற்ற வேண்டும். பிறகு பிளாஸ்டிக் உறையை எடுத்துவிட்டுப் பருத்தி விரிப்பு. தலையணையில் கொஞ்சம் பஞ்சைக் குறைக்க வேண்டும். மூன்று வாரம் கழித்தும் தோள் வலித்தால் மட்டும் மேல்மெத்தைக்குச் செலவு செய்யலாம். வெறும் டேப்பும் ஊசி நூலும் வைத்து முக்கால்வாசிப் பிரச்சினையைத் தீர்த்துவிடலாம்.

அடுத்த தடவை மெத்தை வாங்கித் தருவதற்கு முன், போனில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "ஆத்தா, நீ எப்பிடிப் படுப்பே?"